மனைவி மக்களுடன் ஒரு சபர்

 

ரமலானுக்கு முந்திய ஒரு ஜும்ஆ அன்று, தொழுகை முடிந்து ஜனங்கள் கலைந்து கொண்டிருந்த நேரத்தில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவர் என்னை மிஹ்ராபுக்கு அருகிலேயே நிறுத்திக்கொண்டார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். ஜகாத்து விஷயமோ பாகப்பிரிவினை விஷயமோ என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வீட்டில் லங்காவித் தீவுக்குப் போய் நாலு நாள் இருந்து வரலாம் என்கிறார்கள். வியாபாரமும் இல்லை, ஜியாரத்தும் இல்லை, உம்ராவும் இல்லை. சும்மா கடலைப் பார்த்துவிட்டு வருவதற்கு இத்தனை வெள்ளியைச் செலவழிப்பது மார்க்கத்தில் ஆகுமா? வீண் விரயத்தில் சேராதா?"

கேட்டவர் சாமானியரல்லர், ஹலால் ஹராமுக்கு அஞ்சுகிறவர். வருஷத்தில் இரண்டு பெருநாள் காலையைத் தவிர அவர் கடைக் கதவு சாத்தியிருந்து நான் கண்டதில்லை. அவருடைய பீவி இந்த ஊருக்கு வந்து 22 வருஷங்களாகின்றன. அந்த அம்மாள் கண்ட உலகம் பிறந்த ஊரும், தேக்கா சந்தையும், இடையில் சாங்கி விமான நிலையமும்தான். மூத்த மகளுக்கு அடுத்த வருஷம் நிக்காஹ். "பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாய் இருக்கும்போதே எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை எங்கேயாவது போய் வருவோமே" என்று அந்த அம்மாள் ஒரே ஒருமுறை கேட்டாராம். அதற்குத்தான் இந்த மஸ்அலா.

இவருக்கு மட்டுமல்ல, நம்மில் அநேகருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. ஆகவே அன்று நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டுப் பின்னால் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சகோதரர்களே! பிரயாணம் நம் சமூகத்தாருக்குப் புதிதல்ல. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் நம் முன்னோர் பாய்மரக் கப்பலில் கடாரத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். பிந்திய காலத்தில் ரஜுலா கப்பலில், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் துணையாக வந்தார்கள். வந்து இறங்கிய இடமெல்லாம் பள்ளிவாசல் கட்டினார்கள். ஊரில் இவர்களுக்கு இட்ட பெயரே 'சபராளி' என்பது. ஆனால் அந்தச் சபரில் மனைவி மக்கள் இருந்ததில்லை. மூன்று வருஷம், ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்புவார்கள். "வாப்பா வந்துட்டாங்க" என்று சொன்னதும், முன்பின் அறியாதவரைக் கண்டது போல் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பாட்டனார்களாகி இதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடும்.

அவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணத்தில்தான் ஊர்களில் வீடுகளும் மதுரஸாக்களும் எழுந்தன. என்றாலும் அந்தப் பழக்கத்திலிருந்து ஓர் எண்ணம் நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. பிரயாணம் என்றால் சம்பாத்தியத்துக்கு. குடும்பம் என்றால் பணம் அனுப்புவதற்கு. இன்று மனைவி மக்கள் நம்முடன் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஆயினும் காலை 7 மணிக்குக் கடைக்குப் போய் இரவு 11 மணிக்குத் திரும்புகிறவர், சிங்கப்பூரில் இருந்துகொண்டே சபராளியாகத்தான் இருக்கிறார்.

அல்லாஹ்வின் றஸூல் ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்கள் வியாபாரப் பிரயாணம் செய்தவர்கள். மார்க்கத்துக்காகப் பிரயாணம் செய்தவர்கள். புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வது அவர்கள் வழக்கம் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். ஒரு பிரயாணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா நாயகியுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அம்மையார் ஜெயித்தார்கள். சில வருஷம் கழித்து, அம்மையாரின் உடல் கனத்திருந்த சமயத்தில் மறுபடி ஓடினார்கள். இம்முறை நாயகம் அவர்கள் ஜெயித்து, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்தார்களாம். அபூதாவூதில் உள்ள செய்தி இது. வஹீ இறங்கிக் கொண்டிருந்த காலம். நாலா புறமும் பகைவர். ஒரு சமுதாயத்தின் பாரம் முழுவதும் தோளில். அவர்களுக்கு ஓடி விளையாட நேரம் இருந்தது. மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு நேரமில்லை!

இன்னொரு சம்பவம். ஒரு பிரயாணத்தில் ஆயிஷா நாயகியின் கழுத்து மாலை அறுந்து விழுந்து காணாமற் போயிற்று. சகோதரி அஸ்மாவிடம் இரவல் வாங்கியிருந்த மாலை அது. அதைத் தேடுவதற்காக நாயகம் அவர்கள் கூட்டம் முழுவதையும் நிறுத்தி விட்டார்கள். தங்கிய இடத்தில் தண்ணீர் இல்லை; ஜனங்கள் கையிலும் இல்லை. முணுமுணுப்பு எழுந்தது. அபூபக்கர் சித்தீக் நாயகம் வந்து மகளைக் கடிந்து, விலாவில் குத்தவும் செய்தார்கள். நாயகம் அவர்களோ அம்மையாரின் மடியில் தலைவைத்துத் துயின்று கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. பொழுது விடிந்தது, தண்ணீரின்றித் தயம்மும் செய்து தொழலாம் என்னும் ஆயத்து இறங்கிற்று. பிறகு ஒட்டகத்தை எழுப்பினால் மாலை அதன் அடியில் கிடக்கிறது. ஆக, கியாமத்து நாள் வரை நாம் அனுபவிக்கும் ஒரு சலுகை, மனைவியின் ஓர் இரவல் மாலைக்காகக் கணவர் காத்திருந்த இடத்தில் கிடைத்தது. விமான நிலையத்தில் வீட்டார் ஐந்து நிமிஷம் பிந்தினால் நாம் போடும் கூச்சலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒட்டகம் ஓட்டிப் பாடும் அன்ஜஷா என்பவர் வேகமாக ஓட்டியபோது, பெண்களைப் பளிங்குப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு மெல்ல ஓட்டும்படி நாயகம் அவர்கள் சொன்னதும் பிரசித்தம். சரக்குப் பெட்டியின் மேல் 'கண்ணாடி, பத்திரம்' என்று ஒட்டியிருந்தால் நாம் எவ்வளவு பதனமாக இறக்குகிறோம்!

இனி அந்தச் சகோதரரின் நேர்க் கேள்விக்கு வருவோம். ஜும்ஆ என்னும் சூராவின் கடைசி ஆயத்தைப் பாருங்கள். குத்பா ஓதி நின்ற நாயகம் அவர்களை விட்டுவிட்டுச் சிலர் எழுந்து ஓடியதை அல்லாஹுத் தஆலா அதில் கண்டிக்கிறான். எதை நோக்கி ஓடினார்கள்? இரண்டைச் சொல்லுகிறான்: வியாபாரம், வேடிக்கை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறான். வியாபாரத்தையே முதலில் சொல்லுகிறான். நாமோ வேடிக்கையைக் கண்டால் மட்டும் பயப்படுகிறோம். வியாபாரம் நம்மை விழுங்கிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு மஸ்அலாவும் கேட்பதில்லை. தொழுகையை விட்டால் கடையும் ஆகாது, கடற்கரையும் ஆகாது. தொழுகை தவறாமல், ஹராம் கலவாமல் இருந்தால் இரண்டும் ஆகும். மனைவி மக்களின் ஹக்கை நிறைவேற்றும் நிய்யத்தும் கூடிவிட்டால், அந்தச் செலவுக்கு நன்மையையும் எதிர்பார்க்கலாம். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற அபூதர்தா அவர்களிடம், ரப்புக்கு ஹக்கு இருப்பது போல் உடலுக்கும் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு என்று ஸல்மான் பார்ஸீ அவர்கள் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நாயகம் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வீண் விரயம் என்பது எது? கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்பது பனீ இஸ்ராயீல் சூராவின் போதனை. சக்திக்குள் ஒரு நடுத்தரமான ஹோட்டல், நடுத்தரமான செலவு, இதில் விரயம் இல்லை. ஆனால் ஹஜ்ஜு கடமையாகியும் பெயர்கூடப் பதியாமல் வருஷாவருஷம் உல்லாசம் போகிறவர் யோசிக்க வேண்டும். ஜகாத்துக் கணக்கு பார்க்காதவர் யோசிக்க வேண்டும். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய தவணை தாண்டிப்போய், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவர், தன் பணத்தில் பிரயாணம் செய்யவில்லை. கடன் கொடுத்தவன் பணத்தில் பிரயாணம் செய்கிறார்.

இதையெல்லாம் கேட்ட அந்தச் சகோதரர் முகம் மலர்ந்து விட்டது. அவருக்குக் கடனில்லை, ஹஜ்ஜுக்கும் பதிந்திருக்கிறார். ஸலாம் சொல்லிப் புறப்படும் சமயத்தில் ஒரு பேச்சுக்காகக் கேட்டேன்: "நாலு நாளும் கடையை யார் பார்ப்பார்?"

"அதற்குப் பயமில்லை ஹஜ்ரத். நம்ம கடையில் இருக்கிற மூத்தவன் பார்த்துக்கொள்வான். தங்கமான ஆள். ஊருக்குப் போகிறேன் என்றுகூடக் கேட்பதில்லை. இரண்டரை வருஷமாகப் போகவில்லை."

"அவருக்குப் பிள்ளைகள் உண்டா?"

"இரண்டு" என்றார். சொன்னபிறகு அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

வியாபாரச் சகோதரர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் ஓரிரவு மதீனாவின் வீதிகளில் சுற்றி வந்தபோது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து, கணவன் போருக்குப் போய் நெடுநாள் ஆகிவிட்ட ஒரு பெண்ணின் ஏக்கக் குரல் கேட்டது. கலீபா அவர்கள் தம் மகள் ஹப்ஸா நாயகியிடம் போய், ஒரு பெண் தன் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். அம்மையார் சொன்ன கணக்கு 4 மாதம் என்றும், 6 மாதம் என்றும் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. அதற்கு மேல் எந்தப் போர்வீரனையும் நிறுத்தி வைக்கலாகாது என்று கலீபா உத்தரவிட்டார்கள். மார்க்கத்துக்காகச் சண்டை செய்யப் போனவனுக்கே இந்தக் கணக்கு. அரிசி மூட்டைக்கும் மசாலா டப்பாவுக்கும் காவலாக ஒருவனை இரண்டரை வருஷம் நிறுத்தி வைப்பதற்கு நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது?

"அவன் கேட்கவில்லையே" என்பீர்கள். கேட்டால் வேலை போய்விடுமோ, திரும்பி வரும்போது இடத்தில் வேறொருவன் இருப்பானோ என்று அஞ்சுகிறவன் எப்படிக் கேட்பான்? உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் உபதேசித்தார்கள். பிள்ளை முகம் பார்க்காத ஏக்கம் தாங்கக் கூடிய சுமையா என்பதை, உங்கள் பாட்டனார் எழுதிய பழங்கடிதம் ஏதேனும் வீட்டில் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். இப்போது கைப்பேசியில் முகம் பார்க்கிறார்களே என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான். அதே கைப்பேசியில்தான் முதலாளி குடும்பம் கடற்கரையில் நிற்கும் படமும் கடைச் சிப்பந்திக்கு வந்து சேருகிறது.

இனி, போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 99 தீவுகள் என்பது வழக்கு. 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. 2007-ல் யுனெஸ்கோவின் ஜியோபார்க் என்ற பெயரும் பெற்றது. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கடிகாரம் ஒன்றே, ஆனால் வக்து ஒன்றல்ல. தீவு மேற்கே தள்ளியிருப்பதால் லுஹர் இங்கேயுள்ளதைவிடச் சுமார் 16 நிமிஷம் பிந்தியே வரும். மற்ற வக்துகளின் வித்தியாசம் பருவத்துக்கேற்ப மாறும். சிங்கப்பூர் நேரப்படி தொழுதுவிட்டால் வக்துக்கு முன் தொழுததாகிவிடும். அங்குள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் அறைகளில் பெரும்பாலும் கூரையிலேயே கிப்லா அம்புக்குறி இருக்கும்.

நாலு ரக்அத்துத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். மஃரிபும் ஸுப்ஹும் சுருங்கா. ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாள் தங்க நிய்யத்துச் செய்தால் சலுகை நின்றுவிடும். ஹனபியில் 15 நாள் கணக்கு. ஷாபிஈக்கள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனபிக்களுக்குச் சேர்ப்பதில்லை, ஆனால் சுருக்குவது அவர்களுக்கு வாஜிபு. ராவுத்தர் வீட்டு மாப்பிள்ளையும் மரைக்காயர் வீட்டு மாமனாரும் ஒன்றாகப் போனால் இதை வைத்து அறையில் வாக்குவாதம் வேண்டாம். அவரவர் இமாமைப் பின்பற்றுங்கள். ஊரில் உள்ள இமாமுக்குப் பின்னால் நின்றால் இருவரும் நாலாகவே தொழ வேண்டும். பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்லை. எனினும் கெடாவில் வெள்ளிக்கிழமையே வார விடுமுறை. குவா நகரில் அல்ஹனா பள்ளிவாசல் இருக்கிறது. போய்த் தொழுவதற்கு என்ன கஷ்டம்?

கடற்கரை என்றதும் நம்மவர்கள் பெண்களின் உடையைப் பற்றி நீளமாகப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் பேசுகிறவரே தொடை தெரியும் அரைக்கால் சட்டையோடு நிற்கிறார்! தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது ஆணுக்கு அவ்ரத்து என்பதைக் கடல் தண்ணீர் மாற்றிவிடாது. தீர்வையில்லாக் கடைகளில் மதுப் புட்டிகள் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை. சாக்லெட்டு அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு மொத்த விலை விசாரிக்கத் தொடங்குவீர்களானால் (தொடங்குவீர்கள், நான் அறிவேன்), வீட்டார் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது சுங்கத்தில் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். தராசில் ஏமாற்றாதவர் பெட்டியில் ஏமாற்றலாமா?

அங்கே மஹ்ஸூரி என்ற பெண்ணின் அடக்கத்தலத்தைக் காட்டுவார்கள். சுமார் 200 வருஷத்துக்கு முந்திய கதை. கணவன் வான் தாருஸ் சியாமியருடன் நடந்த போருக்குப் போயிருந்த சமயத்தில், ஊரில் வந்து தங்கிய ஒரு பாடகனோடு சேர்த்து அவள்மீது அபாண்டம் கட்டினார்கள். தீர விசாரிக்காமல் கொன்றும் விட்டார்கள். வெள்ளை இரத்தம் பெருகிற்று, ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்தாள் என்பதெல்லாம் ஜனங்கள் சொல்லும் கதை. அதை நம்ப வேண்டியதில்லை. கபுரிடம் எதுவும் கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் அபாண்டம் கதையல்ல. நம் ஆயிஷா நாயகிக்கே ஒரு பிரயாணத்தில், அதுவும் ஒரு மாலை தொலைந்த காரணத்தால் பின்தங்கியபோது, அந்தக் கொடுமை நேர்ந்தது. அழுதழுது கண்ணீர் வற்றியபின், நூர் சூராவில் அல்லாஹ்வே அவர்களுடைய தூய்மைக்குச் சாட்சி சொன்னான். நாலு சாட்சியின்றிப் பழி சொல்லுகிறவனுக்கு 80 கசையடி என்ற சட்டமும் அந்தச் சூராவிலேதான் இருக்கிறது. சபராளிகளின் மனைவியர் ஊர் வாய்க்கு அஞ்சி எத்தனை வருஷம் வாசல்படி தாண்டாமல் இருந்தார்கள் என்பதை நம் உம்மாமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மஹ்ஸூரியின் இடத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் கையில்தான் கைப்பேசி இருக்கிறது, யாரோ அனுப்பிய படத்தை இன்னும் நூறு பேருக்கு அனுப்புவதற்கு.

திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகுமுன் பள்ளியில் இரண்டு ரக்அத்துத் தொழுவது நாயகம் அவர்களின் வழக்கம். அதையும் அந்தச் சகோதரருக்குச் சொல்லியனுப்பினேன்.

ரமலான் நடுவில் அவர் மறுபடியும் வந்தார். கடையில் கூட்டம் நெருக்கியடிக்கும் காலம் அது. மூத்த ஊழியரைச் சம்பளத்தோடு ஒன்றரை மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டதாகவும், பெருநாள் அவன் பிள்ளைகளோடுதான் என்றும் சொன்னார். கல்லாவில் தாமே நின்று கால் வீங்கியிருந்தது. லங்காவிப் பயணம் ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அந்த நாலு நாளும் யாரையும் காவல் வைக்கவில்லையாம். கடையைச் சாத்திவிடுவதாகத் தீர்மானம்.

கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். கடைக் கதவில் தொங்கவிடுவதற்காகத் தமிழிலும் மலாயிலும் தம் கையாலேயே எழுதியது. 'குடும்பத்துடன் பிரயாணம். திங்கட்கிழமை கடை திறக்கப்படும், இன்ஷா அல்லாஹ்' என்றிருந்தது.

"குடும்பத்துடன் என்கிற வார்த்தை வேண்டுமா ஹஜ்ரத்? வாடிக்கைக்காரர்கள் ஏதாவது நினைப்பார்களோ?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றேன்.

வஸ்ஸலாம்.